மருந்தின் எடை

"ஐம்பது நிமிஷம் ஆகும், உட்காருங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஒரு சுழல் நாற்காலியை என் பக்கம் காலால் தள்ளினாள், ஐம்பது நிமிஷம் என்பது ஏதோ எச்சில் விழுங்குகிற நேரம் மாதிரி. சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றும். கையை ஊன்றி உட்காரவும் முடியாது, இடது அக்குளில் தையல் போட்டுப் பதினாறு நாள்தான் ஆகிறது, இழுக்கும். சொல்லலாம், சொன்னால் இவள் அதையும் எழுதிக்கொள்வாள். இங்கே எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிறார்கள், வீட்டில் எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் எங்காவது இருக்கும், அங்கே போய்ச் சேர எனக்கு வயசு பத்தாது. பேர் நப்பின்னையாம். அப்பா தமிழ் வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும், வேறு யார் பெற்ற பெண்ணுக்கு இப்படி ஒரு கொடுமை செய்வார்கள். இருபத்தேழு வயசு இருக்கும், டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள், கால் நகத்தில் பாதி உரிந்த பாலிஷ். அவள் தட்டின் மேல் வைத்திருக்கிற கண்ணாடித் துண்டில், தபால் தலை அளவுக்கு, ஊறுகாய் எண்ணெய் பட்ட கறை மாதிரி தெரிகிறதே, அது நான். என் இடது மார்பில் இருந்த கட்டி. வெட்டி எடுத்து, உறைய வைத்து, தலைமுடியை விட மெல்லிசாகச் சீவி வைத்திருக்கிறாள். கண்ணாடி ஓரத்தில் பென்சிலால் ஏழு என்று எழுதியிருக்கிறது. பேர் போடமாட்டார்களாம், ரகசியமாம். ரகசியம் என்றால் என்னையும் இவரையும் இங்கே கொண்டுவந்து உட்கார வைத்து, உங்கள் படத்தை நீங்களே பார்க்கலாம் என்று ஏன் கடிதம் போட்டார்கள்? கடிதம் வந்த அன்றே இவர் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார். என் புருஷர், சிதம்பரநாதன், ஓய்வு பெற்ற பாய்லர் இன்ஸ்பெக்டர், முப்பத்துமூன்று வருஷம் ஆலை ஆலையாகப் போய் இரும்பைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டவர். இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த மெஷினைச் சுற்றி வருகிறார். படுக்க வைத்த பிரிட்ஜ் மாதிரி இருக்கிறது அது, மூக்கில் ஒரு ஊசிக்குழாய், பக்கத்தில் நைட்ரஜன் சிலிண்டர், உள்ளே பம்ப் ஓயாமல் முனகுகிறது. "இது என்னம்மா பிரஷர்?" என்கிறார். "ஏழு பார் அங்கிள்." ஒரு தலையாட்டல். பாஸ் பண்ணிவிட்டார்.

அவள் அவருக்குத்தான் விளக்கினாள், துண்டு என்னுடையது. "இது ஒரு ஸ்ப்ரே அங்கிள். மெத்தனாலும் தண்ணியும். கரண்ட் ஏத்தின பொடிப்பொடித் துளியா திசு மேல விழும். விழுந்து தெறிக்கறப்ப அந்த இடத்துல இருக்கற மூலக்கூறையெல்லாம் தூக்கிட்டு இந்தக் குழாய்க்குள்ள போயிடும். உள்ள ஒவ்வொண்ணையும் எடை போடும். எடைய வச்சு அது யாருன்னு சொல்லிடலாம். ஒரு புள்ளி முடிஞ்சதும் தட்டு நகரும், அடுத்த புள்ளி. வரிசை வரிசையா." இவர் கேட்டார், "வேக்குவம் வேண்டாமா?" "துண்டுக்கு வேண்டாம் அங்கிள். எந்த மூடியும் வேண்டாம், வெளிக்காத்துல அப்படியே வச்சுப் பாக்கலாம், அதான் இதோட அழகு." அழகாம். மூடி இல்லாமல், வெளிக்காற்றில், ஒரு ஆம்பிளை சுற்றிச் சுற்றி வர. கான்வென்ட் ஹாஸ்டலில் பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டுதான் குளிக்க வேண்டும், தனி அறையில் தாழ்ப்பாள் போட்டுக் குளித்தாலும். கடவுள் பார்ப்பார் என்று சிஸ்டர் ஃபெலிசிட்டி சொல்வாள். அந்தக் கடவுள் கட்டி வந்ததைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இரண்டு வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். எடை போடுமாம். கல்யாணமான புதிதில் தஞ்சாவூர் ஸ்டேஷனில், வண்டிக்கு நேரம் இருந்தது, எடை பார்க்கிற மெஷினில் என்னை ஏறச் சொல்லி இவர் காசு போட்டார். விளக்கெல்லாம் சுற்றி, டிக்கெட் டக்கென்று விழுந்தது. நான் குனிவதற்குள் இவர் எடுத்துப் படித்தார், "நாப்பத்தெட்டு, பரவால்ல" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பின்னால் ஜோசியம் அச்சடித்திருக்கும், அது எனக்குத் தெரியும், எனக்கு என்ன எழுதியிருந்தது என்று முப்பத்தோரு வருஷமாகத் தெரியாது. கேட்டால் எந்த டிக்கெட் என்பார். அந்தச் சட்டை கிழிந்து கரித்துணியாகி, அந்தக் கரித்துணியும் போய்விட்டது.

திரையில் முதல் வரிசை வந்துவிட்டது. சின்னச் சின்னக் கட்டம், ஒரு நீலக் கட்டம், பக்கத்தில் கொஞ்சம் வெளிறின நீலம், அப்புறம் திடீரென்று ஒரு மஞ்சள். அது முடிந்து அடுத்த வரிசை அடியில் தொடங்குகிறது. இதை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் தையல் வகுப்பு, கட்டம் போட்ட தாள், குறுக்குத் தையல், ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி, வரிசை வரிசையாகப் போனால் கடைசியில் ஒரு கிளி வரும். எனக்கு வந்தது. மூக்கு, வால், பச்சையில் இரண்டு பச்சை, வகுப்பிலேயே என் கிளிதான் கிளி மாதிரி இருந்தது. சிஸ்டர் ஃபெலிசிட்டி கிளியைப் பார்க்கவே இல்லை. துணியை வாங்கின கையோடு "திருப்பு" என்றாள், "பின்பக்கம் காட்டு." பின்பக்கம் நூல் எல்லாம் தாவித் தாவி, முடிச்சு முடிச்சாக, சிவப்பு போகிற வழியில் பச்சையை இழுத்துக்கொண்டு. கத்தரியை எடுத்து, எல்லாருக்கும் முன்னால், கிளியின் கழுத்திலிருந்து பிரித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் நான் விடவில்லை, மனசுக்குள் அவளை மாடிப்படியில் உருட்டிவிட்டேன், தினமும், பத்தாவது முடிக்கிற வரைக்கும். "இப்ப வர்றது கொழுப்பு ஆன்ட்டி" என்கிறாள் இந்த நப்பின்னை, திரையில் விரலை வைத்து, "கட்டில இருக்கற கொழுப்பு வேற, நல்ல சதையில இருக்கற கொழுப்பு வேற, எடை மாறும். அதான் ஓரம் இவ்வளவு தெளிவா தெரியுது பாருங்க." இவர் குனிந்து பார்த்தார். மீசை அசைந்தது. உனக்குக் கொழுப்பு, உனக்குக் கொழுப்பு என்று முப்பத்தோரு வருஷம் சொன்ன மனுஷன், இப்போது ஆதாரம் கலரில் வந்துவிட்டது. "சிரிக்கணும்னா சிரிச்சுடுங்க" என்றேன், "அடக்கி வச்சா உங்களுக்குத்தான் வாயு." "நான் எங்கடி சிரிச்சேன்?" என்று கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அந்தப் பெண் சிரித்தாள். "அப்ப மருந்து எங்கம்மா?" என்று இவர் கேட்டதற்கு, "அது கடைசில அங்கிள். முழுசா முடிஞ்சதும் மருந்தோட எடையை மட்டும் தனியா எடுத்துப் பாப்பேன். எங்கெங்க போய்ச் சேந்திருக்குன்னு புள்ளி புள்ளியா தெரியும்." முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டேன். ஏசியைக் குறைக்கச் சொல்லலாமா? எழுதிக்கொள்வாள்.

புள்ளி புள்ளியாக ஒன்றும் தெரியாது, பெண்ணே. அந்தத் துண்டில் உன் மருந்து இல்லை. இருபத்தெட்டு நாள், காலையில் ஒரு மாத்திரை, ஆபரேஷனுக்கு முன்னால் விடாமல் போட வேண்டும், அது கட்டிக்குள் போகிறதா என்று பார்க்கத்தான் இத்தனை கூத்தும், நான் ஒன்றைக் கூட முழுங்கவில்லை. இருபத்தெட்டும் எங்கள் வீட்டு வாஷ்பேசின் ஓட்டை வழியாகக் கூவத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே யாராவது மீனுக்குக் கட்டி இருந்தால் ஆறியிருக்கும். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது. பயம் என்று சொல்லலாம், முடி கொட்டும், உடம்பு கொதிக்கும் என்று அந்தத் தாளில் இருந்தது, பயப்படவும் செய்தேன். ஆனால் பயத்தால் இல்லை. ஒன்பது பக்கத் தாள், இங்கிலீஷ். அதை என்னால் இவரை விட நன்றாகப் படிக்க முடியும், இவர் இங்கிலீஷ் பேசினால் பாய்லர் வெடிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் தாளை டாக்டர் இவரிடம்தான் நீட்டினார், இவர் பென்சிலை எடுத்துப் பக்கம் பக்கமாக டிக் போட்டு, கடைசியில் என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடுகிற கோட்டில் விரலை வைத்தார். "இங்க போடு வத்சலா." டாக்டர் என்னைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, கேட்டார், "உங்களுக்குச் சம்மதந்தானேம்மா?" நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "அவளுக்குப் பூரண சம்மதம் டாக்டர்." பூரணமாம். நான் பூரணமாகக் கையெழுத்துப் போட்டேன், விரலை நகர்த்தினால் போதும் என்று. மறுநாள் காலை இவர் உள்ளங்கையில் அந்த வெள்ளை மாத்திரையை வைத்து, தண்ணீர் டம்ளரோடு படுக்கை அறை வாசலில் நின்றார், ஆலையில் நிற்கிற மாதிரி. வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீரைக் குடித்து, நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, பல் தேய்க்கப் போனேன். துப்பினேன். சின்னதாக, வட்டமாக, பீங்கானில் டிங்கென்று. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. என் உடம்பில் எதை வெட்டலாம், எதை வைக்கலாம், எப்போது, எந்தப் பக்கம், எல்லாம் மற்றவர்கள் முடிவு செய்தார்கள், இது ஒன்று நான் செய்தது. தினமும் காலையில் அதற்காகவே எழுந்தேன் என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

பாதி ஆகிவிட்டது. கிளிக்குப் பதில் ஏதோ தீவு மாதிரி ஒன்று வந்துகொண்டிருக்கிறது, நடுவில் மஞ்சள், சுற்றி நீலம். ஊசிக்குழாயிலிருந்து ஸ்ஸ் என்று ஒரு சத்தம், பிள்ளைக்கு மூத்திரம் போக அம்மா சத்தம் கொடுப்பதைப் போல. சாராயக் கடை வாசனை லேசாக. நப்பின்னை ஒரு டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிடுகிறாள், வெளியே வராந்தாவில் நின்று, கதவு வழியாக ஒரு கண் திரையில். இவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தரம் ஏப்பம் விட்டார். வாயு மாத்திரை எடுத்து வரவில்லையா என்றால் தீர்ந்துபோச்சு என்கிறார். இந்த மனுஷனுக்கு மூன்று மாசத்துக்கு ஒரு டப்பா போதும், போன மாசம் இரண்டு டப்பா, நான் கேட்டால் வயசாகுது என்றார். வயசாகிறதாம். வயசான பிறகுதான் இவருக்கு அடுப்படி ஆசை வந்தது. நான் மாத்திரை ஆரம்பித்த நாலாவது நாளோ என்னமோ, "ஆபரேஷன் வரைக்கும் நீ சீக்கிரம் எந்திரிக்காதே, காலை காபி நான் போடறேன்" என்று ஒரு அறிவிப்பு. முப்பத்தோரு வருஷம் நான் போட்ட காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கூடக் கழுவாத ஆள். போட்டார், காபியா அது, கஷாயம். முதல் வாய் குடித்ததும் சொன்னேன், "என்ன, பாதிக்குப் பாதி சிக்கரியா? வாயெல்லாம் கசக்குது." மறுநாள் ஏலக்காய். காபியில் ஏலக்காய் போடுகிற ஜென்மத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. காலை ஆறு மணிக்கு அந்தக் குட்டி உரலில் டொக் டொக் டொக் என்று தட்டுவார், நான் போர்வைக்குள் பல்லைக் கடிப்பேன். அடியில் சர்க்கரை பாகாக நிற்கும், மேலே கசக்கும், நடுவில் ஏலக்காய் மிதக்கும். "இத மனுஷன் குடிப்பானா?" "குடி வத்சு. சூடா குடி. கீழ வரைக்கும் குடி." முன்னாலேயே நின்று பார்ப்பார். குடித்துத் தொலைத்தேன், இல்லாவிட்டால் அந்த முகத்தை இன்னும் ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டும். தினமும் கத்தினேன். கத்தினதுக்குப் பலன் இருந்தது, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு காபி சரியாகிவிட்டது, ஏலக்காயும் இல்லை கசப்பும் இல்லை, இந்த வயசிலும் சொல்லிச் சொல்லித்தான் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள் ஆம்பிளைகள். போகட்டும். அந்தப் படம். மருந்தின் எடையைத் தனியாக எடுத்தால் கறுப்பாக வரும். வரட்டுமே, எனக்கென்ன, நூறு பேரில் ஒருத்திக்கு மருந்து போகவில்லை என்று எழுதிக்கொள்வாள், எந்தப் போலீஸ் வரப்போகிறது.

டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். கை கழுவின ஈரத்தை ஜீன்ஸில் துடைத்தாள், என் அம்மாவாக இருந்தால் அங்கேயே ஒன்று வைத்திருப்பாள். "உங்களோடது முக்கியமான படம் ஆன்ட்டி" என்றாள். "ஏழாவது. இதுக்கு முன்னாடி ஆறுல நாலு பேருக்கு மருந்து நல்லா உள்ள போயிருக்கு. ரெண்டு பேருக்குச் சுத்தமா போகல. மூணாவதா ஒருத்தருக்கும் போகலன்னா, இந்த அளவு பத்தலன்னு முடிவு பண்ணி, இப்ப போட்டுட்டு இருக்கறவங்களுக்கும் அடுத்து வர்றவங்களுக்கும் டோஸை ரெண்டு மடங்கா ஏத்திடுவாங்க. அதுக்காகத்தான் நேத்துலேர்ந்து எங்க மேடம் போன் மேல போன்." சொல்லிவிட்டு எலுமிச்சை விதை ஒன்றைப் பல்லிலிருந்து எடுத்தாள். ரெண்டு மடங்கு. எனக்கு உடனே அஞ்சலாட்சி ஞாபகம் வந்திருக்கக் கூடாது, வந்துவிட்டாள். போன வாரம் கட்டுப் பிரிக்கப் போனபோது பெஞ்சில் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தவள். செஞ்சிப் பக்கம், அங்கன்வாடியில் சமைக்கிறாள், கையில் அதே மாத்திரை டப்பா, மஞ்சள் பையில். "அக்கா, நீங்களும் இதானே போட்டீங்க? வுடாம போட்டீங்களா?" "போட்டேன்" என்றேன், நகர்ந்து உட்கார்ந்து. "எனக்கு இதப் பாத்தாலே கொமட்டுதுக்கா. போட்ட ஒரு மணி நேரத்துக்கு எதுவும் வவுத்துல நிக்கல. சோறாக்கும்போது புள்ளைங்க முன்னாடியே வாந்தி. வூட்ல வுட்டுடுன்றாங்க. நீங்க அந்த டாக்டரு கூடவே இங்கிலீசுல பேசுனீங்கல்ல, பாத்தேன். படிச்சவங்க நீங்களே போட்டீங்கன்னா அதுல எதுனா இருக்கும். அதான் போட்டுகினு கீறேன்." ஆபரேஷன் அவளுக்கு அடுத்த மாசம். நான் அன்றைக்கு அவள் பேச்சு முடியட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பை பட்டு என் புடவை மஞ்சளாகிவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு மடங்கு. ஒன்றுக்கே நிற்காத வயிறு.

பின்பக்கம் காட்டு. இல்லை, காட்டமாட்டேன். எதற்காகக் காட்ட வேண்டும், யாருக்கோ வாந்தி வந்தால் நானா பொறுப்பு, என்னைப் பார்த்து மாத்திரை போடு என்று நான் சொன்னேனா? அவள் இங்கிலீஷைப் பார்த்து ஏமாந்தால் அதற்கு நான் கான்வென்ட்டின் மேல் கேஸ் போடச் சொல்லலாம். பத்து வரிசை இருக்கும் இன்னும். ஒன்பது. சொன்னால் என்ன ஆகும்? இந்தப் பெண் முகம் தொங்கும், மேடத்துக்குப் போன் போகும், அது ஒன்றும் இல்லை. இவர். இவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும், கத்தமாட்டார், கத்தினால் நான் திருப்பிக் கத்தலாம், அந்தச் சௌகரியத்தை இவர் கொடுக்கமாட்டார். பார்ப்பார். மாத்திரை ஆரம்பித்த வாரம் அந்த வியாழக்கிழமை பார்த்த மாதிரி பார்ப்பார். வாஷ்பேசினில் தண்ணீர் போகவில்லை, நான் பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்றேன், இவர் வழக்கம்போல பனியனோடு கீழே படுத்து, தானே கழற்றுகிறேன் என்று, அடியில் இருக்கிற அந்த உருண்டைக் கிண்ணத்தைக் கழற்றி, சேறு, தலைமுடி எல்லாவற்றையும் பழைய பேப்பரில் கொட்டி, குனிந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று, நாற்றம் தாங்கவில்லை, கொண்டுபோய் வெளியில் போடுங்கள் என்றேன். எழுந்தார், கையெல்லாம் கறுப்பு. என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பார்த்தார், அப்புறம் பேப்பரை மடித்துக்கொண்டு போய்விட்டார். ஓட்டை சரியாகிவிட்டது, அதற்கப்புறம் மாத்திரை போனது கூட லேசாகத்தான் போனது, வாயிலேயே கரைய ஆரம்பித்தது, புதினா வாசனை வேறு, கம்பெனிக்காரன் கசப்பு தெரியாமல் இருக்க ஏதோ சேர்த்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். நாலு வரிசை. மூன்று. நான் நல்லவள் இல்லை, அஞ்சலாட்சிக்காக ஒன்றும் செய்யவில்லை, எனக்கு இந்த ஸ்ஸ் சத்தம் தாங்கவில்லை, அவ்வளவுதான். அவளே தேடிக் கண்டுபிடிக்கிறதற்கு முன்னால் நானே துணியைத் திருப்பிவிட்டால் கத்தரிக்கு வேலை இல்லை. "நப்பின்னை" என்றேன். அந்தப் பேரை வாயால் சொன்னது அதுதான் முதல் தரம், சொல்ல நன்றாகத்தான் இருந்தது, சனியன். "நீ மேற்கொண்டு பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் அந்த மாத்திரையைச் சாப்பிடல. ஒண்ணு கூட. எல்லாத்தையும் துப்பிட்டேன். உன் படத்துல ஒண்ணும் வராது, அதுக்கு மருந்து காரணம் இல்ல, நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். ஸ்ஸ் சத்தம் நின்றது, கடைசிக் கட்டம் விழுந்து முடிந்திருந்தது. "ஆன்ட்டி, விளையாடறீங்களா?" என்றாள், கை தானாகப் போய் ஏதோ ஒரு எண்ணைத் தட்டியது, நீலமும் மஞ்சளும் அழிந்து கறுப்பாயிற்று, அந்தக் கறுப்பில் ஓரத்திலிருந்து உள்ளே வரைக்கும், நடுவில் கெட்டியாக, அடுப்பில் தணல் ஊதினால் கனிகிற மாதிரி சிவப்பு. "இதான் மருந்து. இவ்வளவு நல்லா யாருக்குமே வரல ஆன்ட்டி. பாருங்க, கட்டி முழுக்க இருக்கு." சிவப்பு. நான் துப்பினேன், டிங்கென்று கேட்டேன், என் காதால் கேட்டேன். முதல் மூன்று நாள் கேட்டேன். அப்புறம் கேட்டேனா? அப்புறம் வாயிலேயே கரைந்தது, புதினா. உள்ளங்கையில் வந்தது வாயு மாத்திரை. இரண்டு டப்பா. கையெல்லாம் கறுப்பாக, பேப்பரில் சேற்றுக்கு நடுவில் வெள்ளையாக என்ன பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அன்றைக்கு. மறுநாள் காபி. டொக் டொக் டொக், ஏலக்காய்க்கு அவ்வளவு நேரம் எதற்கு. கீழ வரைக்கும் குடி வத்சு. நான் மெதுவாகத் திரும்பினேன், இந்த நாற்காலி சுழலும் என்பது அப்போதுதான் உபயோகப்பட்டது. இவர் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ சும்மா சொல்றாம்மா" என்றார், வாரிடம். "ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்சம் மறதி. மயக்க மருந்து குடுத்தாங்கல்ல, அதான். தினம் என் கையாலதான் குடுத்தேன்." என் கையால்தான் குடுத்தேன். பொய்யே இல்லாமல் ஒரு பொய். நான் சும்மா இருந்தால் போதும், மறதிக்காரி என்று பேர், படம் அழகு, டோஸ் ஏறாது, அஞ்சலாட்சிக்கு ஒன்றே போதும், இவர் இஸ்திரிச் சட்டையோடு வீட்டுக்குப் போகலாம், எல்லாருக்கும் கிளி கிடைத்துவிடும். நாற்பத்தெட்டு, பரவால்ல. முதல் தரம் விரலை வைத்துக் கையெழுத்து வாங்கினார், இரண்டாம் தரம் அதுவும் வாங்கவில்லை, ஊற்றிவிட்டார். இதற்கு வேறு பேர் சொல்வார்கள், ஊரில் எல்லாப் பெண்டுகளும் சொல்வார்கள், உன் மேல எவ்வளவு உசிரு பாரு என்பார்கள், அப்படிச் சொல்கிறவள் வாயில் அந்தக் காபியை நான் ஊற்றுவேன். உசிராக இருந்தால் ஒரு தரம் கேட்டிருக்கலாம். ஏன் துப்பினே என்று. அந்தக் கறுப்புக் கையோடு, அங்கேயே, ஒரு தரம். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா? அது வேறு விஷயம். "எழுதிக்கோ" என்றேன் அந்தப் பெண்ணிடம். "மாத்திரையா முழுங்கல. பொடி பண்ணி, காபில. எனக்குத் தெரியாம." அவள் பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். "ஆன்ட்டி, இத எழுதினா உங்க படத்தைக் கணக்குல சேக்கமாட்டாங்க. இவ்வளவு நல்ல படம்." "டோஸ்?" "ஏத்தறதுக்கு மூணு பேர் வேணும். இப்ப ரெண்டாவே நிக்கும். எட்டாவது ஆளோடது வரணும்." "நிக்கட்டும். எழுது." "வத்சு," என்றார் இவர். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "எத்தனை நாள்னு போடட்டும் ஆன்ட்டி?" அது எனக்குத் தெரியாது, என் உடம்புக்குள் போனது எத்தனை நாள் என்பது கூட இவரைக் கேட்டால்தான் தெரியும். "எத்தனை நாள்?" என்றேன். "இருபத்தஞ்சு," என்றார். "முதல் மூணு நாள் எனக்குத் தெரியல." "போட்டுக்கோ. இருபத்தஞ்சு நாள். காபில, ஏலக்காய் தட்டிப் போட்டு. சக்கரை ரெண்டு ஸ்பூன்." "மூணு," என்றார் செருப்பைப் பார்த்தபடி. "கசப்பு தெரியக் கூடாதுன்னு மூணு." நப்பின்னை மூன்று என்று எழுதினாள். "அப்படியும் கசந்தது" என்றேன், அதையும் எழுதச் சொன்னேன்.